ஏழு வருஷக் கடனும் ஒரு சீசன் ஆர்டரும்

பிரஸ்ஸல்ஸில் சட்டம் எழுதுபவர்களுக்கும், ஐரோப்பிய ஆடை நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் அமர்ந்திருப்பவர்களுக்கும், டெல்லியிலும் சென்னையிலும் தொழில் துறையையும் மின் துறையையும் கையில் வைத்திருப்பவர்களுக்கும்,



திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்குப் பார்ப்பவன் நான். சம்பளம், ஜிஎஸ்டி, வங்கித் தவணை என்று இருந்த வேலையோடு சில வருஷங்களாக இன்னொன்றும் என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பையர்கள் அனுப்பும் கார்பன் படிவங்களை நிரப்புவது. மாதம் எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை டன் விறகு, ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல், ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். ஒரு பையருக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை வேண்டும். இன்னொருவருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒருவருக்கு கிலோவாட்-மணி, மற்றவருக்கு மெகாஜூல். நிரப்புவதில் எனக்குக் குறையில்லை. கேட்க வேண்டிய கேள்விகள்தான் அவை. ஆனால் இதற்கெல்லாம் ஆகும் செலவை யார் கொடுப்பது, எத்தனை வருஷத்தில் கொடுப்பது என்ற கேள்வியை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

2018 டிசம்பரில் போலந்தின் கட்டோவிட்சே நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தபோது ஆடைத் துறைக்கென ஒரு காலநிலை சாசனம் வெளியானது. உங்களில் பலருடைய நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. 2021-இல் அதைப் புதுப்பித்தபோது 2030-க்குள் உமிழ்வைப் பாதியாகக் குறைப்போம், 2050-க்குள் நிகர பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம், 2030-க்குள் சப்ளை செயினிலிருந்து நிலக்கரியை விலக்குவோம் என்றீர்கள். நல்ல உறுதிமொழி. ஆனால் ஒரு டீ-சர்ட்டின் கார்பனில் பெரும் பங்கு உங்கள் கடைகளிலோ அலுவலகங்களிலோ இல்லை. நூற்பாலையிலும் சாயப்பட்டறையிலும் துணியை உலர்த்தும் ஸ்டென்டரிலும் இருக்கிறது. உங்கள் கணக்கில் 'ஸ்கோப் 3' என்ற தலைப்பில் வருவது எங்கள் ஊர் பாய்லர்தான். கல்யாணப் பத்திரிகையில் பெயர் உங்களுடையது, பந்திச் செலவு எங்களுடையது என்கிற நிலைமை இது.

பாய்லர் என்றால் என்னவென்று தெரியாமல் எழுதப்பட்ட கேள்விகளும் சில வருவதால், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது விறகு பாய்லர். சவுக்கும் சீமைக்கருவேலமும் லாரியில் வரும். எடைமேடைச் சீட்டுதான் என் ஆவணம். ஐப்பசி மழையில் நனைந்த கட்டை வந்துவிட்டால் பிரஷர் ஏறாது. பாய்லர் ஆபரேட்டர் கட்டையைத் தள்ளிக்கொண்டே இருப்பார், சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணி சூட்டுக்காகக் காத்துச் சுற்றிக்கொண்டிருக்கும், டையிங் மாஸ்டர் போன் மேல் போன் போடுவார். இத்தனையும் எதற்கு? பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றப் பெரும்பாலும் 60 டிகிரி சூடு போதும். சோப்புக் கழுவலுக்குத்தான் கொதிநிலைக்குப் பக்கத்தில் போக வேண்டும். 60 டிகிரி தண்ணீருக்காக நூற்று எழுபது டிகிரி நீராவி உண்டாக்கி, குழாய் வழியே அனுப்பி, வழியெல்லாம் சூட்டை இழந்துகொண்டிருக்கிறோம்.

இதற்கு மாற்று இருக்கிறது. ஹீட் பம்ப். கழிவுநீரில் வீணாகப் போகும் சூட்டையே எடுத்து அடுத்த தொட்டிக்கான தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம். தொழிற்சாலைக்கான பெரிய ஹீட் பம்புகளை ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் ஜப்பானிலும் செய்கிறார்கள். ஸ்டென்டருக்கு இது உதவாது, அங்கே 150 டிகிரிக்கு மேல் வேண்டும், அதற்கு எங்களுக்கு இப்போதைக்குத் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர்தான். ஆனால் சாயத் தொட்டிச் சூட்டில் பெரும்பகுதியை இதனால் தர முடியும். அங்கே இயந்திரமும், இங்கே அதற்கான வேலையும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருத்தமாக இருப்பது அபூர்வம்.

அப்படியானால் ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். வங்கியில் கேட்டோம். இயந்திரத்துக்குக் கடன் என்றால் ஐந்து முதல் ஏழு வருஷத் தவணை. வட்டி எங்களைப் போன்ற சிறு ஆலைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல். மேலாளர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: 'ஏழு வருஷத்துக்கு உங்களுக்கு வேலை இருக்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என் கையில் இருந்தது ஒரு சீசன் ஆர்டர். அடுத்த சீசன் வருமா என்பது எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் ஏற்றுமதியாளருக்கே தெரியாது. வங்கதேசத்தில் கிலோவுக்குச் சில ரூபாய் குறைவாகக் கிடைத்தால் அங்கே போய்விடும். 2020 ஊரடங்கின்போது தைத்து, மடித்து, பெட்டியில் போட்ட சரக்கையே வேண்டாம் என்று மேற்கத்திய நிறுவனங்கள் பல கைவிரித்ததை வங்கிகளும் மறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட மறுநாளிலிருந்து இங்கே எத்தனை கம்பெனிகளில் ஷிப்ட் குறைந்தது என்பதையும் அவர்கள் பார்த்தார்கள்.

முட்டுக்கட்டை இதுதான். தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. மனமும் இல்லாமல் இல்லை. கடன் ஏழு வருஷத்துக்கு, ஆர்டர் மூன்று மாதத்துக்கு. இந்த இடைவெளியை அடைக்காத எந்த மாநாட்டுத் தீர்மானமும் எங்கள் பாய்லர் அறை வரை வந்து சேராது. அசர்பைஜானின் பாகு நகரில் 2024-இல் வளரும் நாடுகளுக்கு 2035-க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் திரட்டித் தருவதாக முடிவெடுத்தார்கள். பெரிய தொகைதான். பல்லடம் ரோட்டில் இருக்கும் வங்கிக் கிளையின் கடன் படிவத்தில் அதன் சுவடே தெரியவில்லை.

இந்த இடத்தில் எங்கள் நொய்யல் ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் ஊர் சுத்தமாக இருந்து வந்த ஊர் அல்ல. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் சாயக் கழிவை ஆற்றில் விட்டோம். 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாக மாறிப்போனது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது. அவர்கள்தான் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ஆம் தேதி, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் பூட்டப்பட்டன. வெளியூரில் இருந்து வந்த தொழிலாளர்கள் பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். எங்கள் முதலாளிகள் அன்று சபித்த தீர்ப்பு அது. இன்று யோசித்தால், அந்த அடி விழாமல் நாங்கள் திருந்தியிருக்க மாட்டோம்.

அதன்பின் கட்டப்பட்டதுதான் இப்போது உலகம் வந்து பார்த்துப் போகும் பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்ற முறை. கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்திகரித்து, ஆர்.ஓ. வழியே பிழிந்து, மீதியை எவாப்பரேட்டரில் ஆவியாக்கி, தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்கே கொண்டுவருகிறோம். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், உப்புநீரைக் காய்ச்சி உப்பாக்காமல் அப்படியே சாயமேற்றத் திருப்பி எடுக்கும் வழியையும் நடைமுறைப்படுத்திக் காட்டினார்கள். ஐரோப்பாவின் சாய ஆலைகள் பெரும்பாலும் சுத்திகரித்த தண்ணீரை வெளியே விடுகின்றன. இங்கே அதற்கும் அனுமதி இல்லை. ஒத்துழைப்பு என்றால் மேற்கு சொல்லித்தர, கிழக்கு கைகட்டிக் கேட்பது என்று நினைத்திருப்பவர்கள் ஒருமுறை அருள்புரம் வரட்டும்.

ஆனால் ஆர்.ஓ. பம்புகள் இருபத்துநாலு மணி நேரமும் மின்சாரம் குடிக்கும். எவாப்பரேட்டர் நீராவி குடிக்கும். ஆற்றைக் காப்பாற்ற நாங்கள் செய்வது முழுவதும் கார்பன் கணக்கில் பற்றுப் பக்கம் போய் உட்காருகிறது. உங்கள் படிவத்தில் தண்ணீர்ப் பகுதியில் நல்ல மதிப்பெண் வரும், உண்மைதான். அதே மதிப்பெண்ணுக்காகச் செலவழித்த யூனிட்டுகளுக்காக எரிசக்திப் பகுதியில் குட்டு விழும். கழிவை ஆற்றில் விட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஆலையின் கிலோ துணிக்கான கார்பன், எங்களுடையதைவிடக் குறைவாகத் தெரியும். இந்த முரணை உங்கள் நிபுணர்களிடம் சொன்னால் தலையாட்டுகிறார்கள். விலைப் பேச்சுக்கு வரும் கொள்முதல் அதிகாரிக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு ஒரு பீஸுக்கு எத்தனை சென்ட் என்பதுதான் கேள்வி. ஒரே நிறுவனத்தின் ஒரு மாடியில் பூமியைக் காப்பவர்களும், கீழ்மாடியில் விலையை நெரிப்பவர்களும் இருக்கிறார்கள். இருவரும் லிஃப்டிலாவது சந்தித்துக்கொள்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இந்தியாவின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. அணுமின்சாரத்தில் ஓடும் பிரான்சில் இது எங்களுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழ். இந்தச் சராசரியை வைத்தே எங்களை அளப்பவர்களுக்கு ஒரு செய்தி: பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டவர்களில் எங்கள் பனியன் முதலாளிகள் நிறையப் பேர். பூமியைக் காப்பாற்ற அல்ல, வருமான வரியில் கிடைத்த தேய்மானச் சலுகைக்காக. காரணம் எதுவாக இருந்தாலும் கார்பன் குறைந்தது குறைந்ததுதான்.

அந்தக் காற்றுக்கு இப்போது புதிதாக ஒரு ஆபத்து வருகிறது. எங்களுக்குக் காற்று வைகாசியில் தொடங்கி ஆடியில் உச்சத்துக்குப் போய், புரட்டாசியில் ஓய்ந்துவிடும். பழைய காற்றாலைகள் ஆடியில் உற்பத்தி செய்ததை மின்வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து, மார்கழியில் எடுத்துக்கொள்ளும். இதை நாங்கள் பேங்கிங் என்போம். இந்த ஏற்பாடு இருந்ததால்தான் இத்தனை காற்றாலைகள் வந்தன. உலக நிறுவனங்கள் கார்பன் கணக்குக்குப் பின்பற்றும் விதிமுறையைத் திருத்தி, பயன்படுத்திய மின்சாரமும் உற்பத்தியான பசுமை மின்சாரமும் மணிக்கு மணி பொருந்த வேண்டும் என்ற முன்மொழிவை 2025 அக்டோபரில் கருத்துக் கேட்புக்கு வைத்தார்கள். எண்ணம் தவறல்ல, நள்ளிரவில் நிலக்கரி மின்சாரத்தை எரித்துவிட்டுப் பகல் வெயிலைக் கணக்குக் காட்டுவதைத் தடுக்கத்தான் அது. ஆனால் அப்படியே அமலானால் எங்கள் ஆடிக் காற்று மார்கழிக் கணக்கில் செல்லாது. சொந்தப் பணத்தில் காற்றாலை நட்டவன் உங்கள் ஏட்டில் நிலக்கரிக்காரன் ஆகிவிடுவான். பழைய முதலீடுகளுக்கு விலக்கும் போதிய கால அவகாசமும் கொடுங்கள் என்று பெரிய நிறுவனங்களாகிய நீங்கள் அந்த மேசையில் பேச வேண்டும். எங்கள் குரல் அங்கே எட்டாது.

பிரஸ்ஸல்ஸில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. எல்லையில் கார்பன் கட்டணம் வசூலிக்கும் திட்டத்தை 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியிருக்கிறீர்கள். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் மட்டுந்தான் அதில் இருக்கின்றன, துணி இல்லை. எனவே அதைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. எனக்குக் குறை வேறு. 2024-இல் நீங்கள் இயற்றிய நிறுவனப் பொறுப்புச் சட்டத்தில், பெரிய நிறுவனங்கள் தங்கள் கொள்முதல் நடைமுறையைத் திருத்திக்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் சிறு பங்காளிகளுக்கு ஏற்ற அளவில் உதவ வேண்டும் என்று இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சட்டத்தில் உருப்படியாக இருந்தது அந்த இரண்டு வரிகள்தான். மை காயுமுன், 2025 பிப்ரவரியில், சட்டத்தைத் தளர்த்தும் முன்மொழிவு வந்தது. அமலாகும் தேதியும் தள்ளிப்போனது. நிர்வாகச் சுமையைக் குறைக்கிறோம் என்றீர்கள். உங்கள் நிறுவனங்களின் சுமை குறைந்தது. எங்களுக்கு வரும் படிவங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. சட்டம் தளர்ந்தால் முதலில் கரைவது உதவி செய்ய வேண்டிய கடமை. தகவல் கேட்கும் உரிமை ஒப்பந்தத் தாளில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த மடல் யோக்கியமாக இருக்காது. பையர் ஏற்றுமதியாளரை நெருக்குவதுபோலவே ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் பட்டறையை நெருக்குகிறார். சாயம் போட்ட கூலிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம். குறுந்தொழிலுக்கும் சிறுதொழிலுக்கும் 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அதை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். வந்ததும், 'வேண்டுமானால் உன் சிறுதொழில் பதிவை மாற்றிக்கொள்' என்று சொன்னவர்கள் இந்த ஊரில் உண்டு. விறகின் கதையும் அப்படித்தான். விறகு எரித்தால் கார்பன் கணக்கில் அது நிலக்கரிபோல் ஏறாது, தனியாகக் குறிக்கப்படும். அதனால் எல்லோரும் விறகுக்கு மாறுகிறோம். மரம் எங்கே வெட்டப்பட்டது, திரும்ப நடப்பட்டதா என்று பையர் கேட்டால், அதைக் கேட்டு விறகு மண்டிக்காரர் சிரிக்கிறார். அந்தக் கட்டத்தில் நான் எழுதும் பதிலை நானே முழுதாக நம்புவதில்லை.

டெல்லிக்கும் சென்னைக்கும் கேட்பது அதிகமில்லை. சிறு, குறு, நடுத்தர ஆலைகள் ஆற்றல் சேமிப்பு இயந்திரம் வாங்க வட்டி மானியம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2025 ஜூலையில் ஆயிரம் கோடி ரூபாயில் தொடங்கியது. குறு, சிறு ஆலைகளுக்கு 5 சதவீதம், நடுத்தர ஆலைகளுக்கு 3 சதவீதம். நல்ல திட்டம். அது சொந்த ஆர்டர் இல்லாத ஜாப் ஒர்க் பட்டறைக்கும் எட்டும்படி வங்கிகளுக்குச் சொல்லுங்கள். சென்னைக்கு: ஒரு பக்கம் பசுமை மின்சாரத்தில் முன்னணி மாநிலம் என்று விளம்பரம் செய்துகொண்டே, இன்னொரு பக்கம் கூரைமேல் சூரியத் தகடு பொருத்திய சிறு ஆலைக்கு நெட்வொர்க் கட்டணம் போட்டால், எதை நம்பி நாங்கள் முதலீடு செய்வது? பேங்கிங் விதியும் கட்டணமும் இன்னும் பத்து வருஷத்துக்கு இப்படித்தான் இருக்கும் என்று ஒரே ஒரு ஆணை போடுங்கள். மானியத்தைவிட அது எங்களுக்குப் பெரிது.

ஐரோப்பிய நிறுவனங்களே, முடியாது என்று நீங்கள் சொல்ல இடமில்லை. உங்களில் சிலர் தொடங்கியே விட்டார்கள். 2022-இல் அப்பேரல் இம்பாக்ட் இன்ஸ்டிட்யூட் தொடங்கிய 250 மில்லியன் டாலர் நிதியத்தில் எச் அண்டு எம் போன்றவர்கள் சேர்ந்தார்கள். 2024-இல் பெஸ்ட்செல்லர், மாங்கோ உள்ளிட்டோர் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்து, ஆலைகளின் மாற்றத்துக்கான கடன் செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஏற்பாட்டைச் செய்து, வங்கதேசத்தில் முதலில் இறங்கினார்கள். வழி இருக்கிறது, அளவுதான் போதவில்லை. யூரோவில் கடன் கொடுத்தால் வட்டி குறைவு. ரூபாய் சரிந்தால் அந்த நஷ்டம் எங்கள் தலையில். அந்த நாணய அபாயத்தை உங்கள் நாடுகளின் வளர்ச்சி வங்கிகள் ஏற்கட்டும். நீங்கள் ஏற்க வேண்டியது கால அளவை. ஒரு ஆலையிடம் பாய்லரை மாற்றச் சொன்னால், மூன்று வருஷத்துக்காவது குறைந்தபட்சம் இவ்வளவு டன் துணி எடுப்போம் என்று எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளை வங்கியில் வைத்தால் வட்டியும் குறையும், மேலாளரின் கேள்விக்குப் பதிலும் கிடைக்கும். உங்களுக்கு அதனால் ஒரு பைசா ரொக்கச் செலவில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் ஒரு வழி கண்முன்னே இருக்கிறது. 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தால், எங்கள் ஆடைகளுக்கு பிரிட்டனில் பன்னிரண்டு சதவீதம் வரை இருந்த சுங்க வரி இல்லாமல் போகிறது. இந்தச் சேமிப்பு யாருக்கு? வரி போன அளவுக்கு விலையைக் குறை என்று கொள்முதல் அதிகாரி கேட்பார். இங்கே இருக்கிற போட்டியில் ஏற்றுமதியாளரும் குறைத்துவிடுவார். கடைசியில் எல்லாம் கரைந்துவிடும். அதற்குமுன் அதில் இரண்டு சதவீதத்தையாவது தனியாக எடுத்து, சாயமேற்றும் ஆலைகளின் ஹீட் பம்புக்கும் எவாப்பரேட்டர் மாற்றத்துக்கும் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நிதியில் போட முடியும். அரசுகள் தலையிட்டு எழுதினால் நடக்கும், வியாபாரிகளிடம் விட்டால் நடக்காது.

அடுத்த கோடை சீசனுக்கான விலைப் பேச்சு தொடங்கும்போது நீங்கள் அனுப்பும் காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று தனித்தனி வரிகள் இருக்கும். பட்டனுக்குக்கூட ஒரு வரி உண்டு. அதில் டையிங்குக்குக் கீழே கார்பன் குறைப்பு என்று ஒரு வரியைச் சேர்த்து, அதற்கு நேரே ஒரு தொகையையும் எழுதி அனுப்புங்கள். கிலோவுக்கு எவ்வளவு என்பதை நாம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். என்னிடம் பாய்லர் கணக்கு, மின்கணக்கு, எடைச்சீட்டு எல்லாம் மாதவாரியாக இருக்கிறது. எப்போது கேட்டாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
சாயப்பட்டறைக் கணக்காளர் ஒருவர்,
திருப்பூர்.